குட்டிக் காருக்கு ஏன் இந்த விலை?

கேள்வி: 1980-களில் வந்த ஜப்பான் சின்னக் கார்களுக்கு அமெரிக்காவில் புதுக் கார் விலை கொடுக்கிறார்களாமே? ஏர்பேக் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வேகமும் இல்லை. வெறும் பழமை மோகம்தானே?
– ஒரு வாசகர், கோவை

பதில்: மோகம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இல்லை, இல்லை என்று நீங்கள் அடுக்கியதிலேயே பாதி பதில் இருக்கிறது. அதெல்லாம் இல்லாததால்தான் அந்தக் கார்களின் எடை அவ்வளவு குறைவு. அந்த எடைக்குத்தான் இந்த விலை.

1983-ல் வந்த டொயோட்டா கரோலா லெவினை எடுத்துக்கொள்ளுங்கள். ரசிகர்கள் ஏஇ86 என்பார்கள். கரோலா செடான்கள் அப்போது முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டன. ஸ்போர்ட்ஸ் வடிவத்தில் வந்த இந்தக் கூபே மட்டும் பழைய பின்சக்கர இயக்கத்தோடு நின்றது. 1,587 சிசி எஞ்சின், 16 வால்வு, ஜப்பான் கணக்கில் 130 குதிரைத்திறன். இன்றைக்கு அது பெரிய எண் இல்லை. ஆனால் அது இழுக்க வேண்டிய மொத்த எடை ஒரு டன்னுக்கும் கீழே. இன்றைய கரோலா 1,300 கிலோவைத் தாண்டிவிட்டது.

எடை குறைந்தால் எஞ்சினுக்கு மட்டும் லாபம் என்று நினைக்க வேண்டாம். பிரேக் சின்னதாக இருந்தால் போதும், டயர் ஒல்லியாக இருந்தால் போதும், ஸ்பிரிங் மெலிந்திருந்தால் போதும். அவை சிறுத்ததால் எடை இன்னும் குறையும். முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைவு என்பதால் வண்டி ஓட ஆரம்பித்த பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்ப மோட்டார் உதவி தேவைப்படாது. மலைப்பாதை வளைவில் முன் டயரின் பிடி தளரத் தொடங்கினால் ஸ்டீயரிங் சட்டென்று இலேசாகும். கண் பார்ப்பதற்கு முன்பே விரல் அதைச் சொல்லிவிடும். அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைக்கிற அனுபவம் இது. கனமான, சத்தமே உள்ளே வராத இன்றைய காரில் இதே உணர்வு வருவதற்குள் நீங்கள் ஆபத்தான வேகத்தில் இருப்பீர்கள். 'வேகம் இல்லை' என்ற உங்கள் குறைக்கு என் பதில் இதுதான்.

1987-ல் ஹோண்டா சிவிக் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷனோடு, அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்போடு வந்தது. குடும்பக் காருக்கு அவ்வளவு மெனக்கெட்டார்கள். பானெட் தாழ்வு, கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் ஒல்லி. வளைவின் உள்பக்கம் எங்கே முடிகிறது என்று எட்டிப் பார்க்காமலே தெரியும். 1989-ல் அதே சிவிக்கில் 1.6 லிட்டர் விடெக் எஞ்சினைப் பொருத்தினார்கள்; சுழலும் வேகத்துக்குத் தக்கபடி வால்வு திறப்பை மாற்றிக்கொள்ளும் எஞ்சின் அது. டர்போ இல்லாமல் 160 குதிரைத்திறன், அதாவது லிட்டருக்கு நூறு.

இந்தச் சிக்கனம் ஜப்பானின் வரிச் சட்டத்தோடும் சேர்ந்து வளர்ந்தது. கேய் என்ற குட்டிக் கார் வகைக்கு எஞ்சினும் நீள அகலமும் இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. அதற்குள் இருந்தால் வரி குறைவு. 1976-லிருந்து எஞ்சின் வரம்பு 550 சிசி, 1990-லிருந்து 660. அந்த வரம்புக்குள் 1979-ல் சுசூகி ஆல்டோவை 4,70,000 யென்னுக்கு விற்றது. அதன் வழியில் வந்ததுதான் 1983 டிசம்பரில் நம் ஊருக்கு வந்த மாருதி 800. எஞ்சின் மட்டும் 796 சிசி. அந்த வண்டியைக் குறுகலான தெருவில் ஒரே வெட்டில் திருப்பியவர்களுக்கு நான் சொல்லும் சுகம் புரியும்.

சரி, மோகமே இல்லையா? இருக்கிறது. ஏஇ86-ன் விலை ஏறியதில் மங்கா எனப்படும் ஜப்பான் சித்திரக்கதைத் தொடர் ஒன்றுக்கும் பங்கு உண்டு. 25 வயதான காரை அமெரிக்காவுக்குள் கொண்டுவரலாம் என்ற விதியும் விலையைத் தூக்கிவிட்டது. வாங்கிப் பூட்டிவைத்து, விலை ஏறக் காத்திருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான். ஓட்டுவதற்காகச் செய்த பொருள் அது. டொயோட்டாவே 2021-ல் ஏஇ86-க்கான ஸ்டீயரிங் நக்கிள் ஆர்மையும் (சக்கரத்தைத் திருப்பும் கை) பின் பிரேக் காலிப்பரையும் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மறுபடி தயாரிக்க முன்வந்தது. கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க பிரேக் காலிப்பர் எதற்கு?

பாதுகாப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மெல்லிய தகடு, ஏர்பேக் கிடையாது. மோதினால் பழைய கார் உங்களைக் காப்பாற்றாது. உயிருக்காகக் கூடிய எடையை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடியதெல்லாம் அதற்காகவா? சன்ரூஃப், பதினெட்டு அங்குலச் சக்கரம், சும்மா உயரமாகத் தெரிவதற்கென்று ஒரு உடம்பு, இவை யார் உயிரைக் காக்கின்றன? ஏர்பேக்கோடு 2015-ல் வந்த மாஸ்டா ரோட்ஸ்டரின் அடிப்படை மாடல் ஜப்பானில் 990 கிலோ. ஜப்பானின் இன்றைய ஆல்டோ 700 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. மனசு வைத்தால் இப்போதும் முடிகிறது.

உங்களுக்கே ஆசை வந்தால், மூன்று வருஷத்துக்கு மேல் பழசான காரை இறக்குமதி செய்ய இங்கே பொதுவாக அனுமதி இல்லை. பழைய மாருதி 800 ஒன்றைத் தேடுங்கள். எஞ்சினைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள், அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பார்கள். முதலில் காலடி விரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.