தையல் மெஷின் வாங்குவதற்கு முன்னால்

வணக்கம் அக்கா,

நாங்கள் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது பணம் சேர்த்து யாருக்காவது உதவி செய்வோம். எங்கள் தெருவில் 22 வயதுப் பெண் ஒருத்தி மூன்று வயதுப் பையனோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் அடிப்பது வழக்கம்தான், இந்த முறை வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. 20,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று வாங்கி, பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது கொடுத்து, குழுவில் போட ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். அவன் வந்து கூப்பிட்டால் போய்விடுவாள், நம் பணம் வீண் என்கிறான் ஒரு நண்பன். சம்பாதிக்க ஆரம்பித்தால் ஜீவனாம்சம் கிடைக்காது என்கிறான் இன்னொருவன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் மெஷின் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, பொங்கல் இருக்கிறது, நண்பர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னதும் இருக்கிறது. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளுக்குத் தைக்கத் தெரியுமா? தெரிந்தாலும் முறிந்த வலது கையை வைத்துக்கொண்டு துணியை எப்படி நகர்த்துவாள்? எல்லாம் சரியாக அமைந்தாலும் உங்கள் தெருவில் ஏற்கெனவே ஜாக்கெட் தைப்பவர்கள் மூன்று பேராவது இருப்பார்கள், அவர்களுக்கே பாதிக் கூலி கடனில்தான் நிற்கும். நான் பார்த்த வீடுகளில் இப்படி வந்த மெஷின்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையோடு மூலையில் நிற்கின்றன, மேலே துவைத்த துணி மடித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு அடகுக்கடைக்கும் போயிருக்கின்றன, கொண்டுபோனது புருஷன்.

முதலில் பார்க்க வேண்டியது, அவள் கைக்கு வரும் பணம் அவள் கையிலேயே நிற்குமா என்பதை. அவள் போன் யார் பெயரில் வாங்கிய சிம்? ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது? பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் எங்கே? பெரும்பாலும் எல்லாம் அந்த வீட்டில்தான் கிடக்கும், ஓடிபி அவன் போனுக்குத்தான் போகும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயரில் குழுக்கடனோ நுண்கடனோ எடுத்து அவன் செலவழித்திருந்தால், அந்தப் பழைய கணக்கில் நீங்கள் போடும் பணம் தவணைக்கே போய்விடும். ஆகவே அவள் பெயரில் ஒரு புது சிம், ஆதார் மையத்தில் அந்த நம்பரை ஏற்றுவது (மொபைல் நம்பர் மாற்ற விரல்ரேகை போதும், பழைய நம்பரும் வேண்டாம், அவனும் வேண்டாம்), வேறொரு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். போட்டோவுக்கு நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

ரேஷன் கார்டையும் கேட்டுப் பாருங்கள். அவள் பெயர் மாமியார் வீட்டுக் கார்டில் இருந்தால் அரிசி அங்கேதான் போகிறது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தான், அதுவும் குடும்பத் தலைவிக்கு. 22 வயது மருமகளுக்கு அதில் எதுவும் வராது.

அப்புறம் அந்தக் கை. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாள், வழுக்கி விழுந்தேன் என்றா, அடித்தான் என்றா? ஏ.ஆர். காப்பியில் (காயம் எப்படி ஏற்பட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிவைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்) என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். விழுந்தேன் என்று இருந்தாலும் பரவாயில்லை, பயத்தில் அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள், வக்கீலிடம் உண்மையைச் சொன்னால் போதும். வக்கீல் செலவுக்கு உங்கள் 20,000-ஐத் தொட வேண்டாம். பெண் என்றாலே வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்தால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சகி மையத்துக்கு வழி சொல்வார்கள், அம்மா வீடும் பத்திரமில்லை என்றால் அங்கே சில நாள் தங்கலாம்.

ஜீவனாம்சம் பற்றி உங்கள் நண்பர் சொல்வது பாதிகூட சரியில்லை. மனைவி சம்பாதிக்கிறாள் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது, தொகையை முடிவு செய்யும்போது அவள் வருமானத்தையும் கணக்கில் எடுப்பார்கள், அது வேறு விஷயம். அதே தீர்ப்பில் மனு போட்ட தேதியிலிருந்து பணம் தர வேண்டும் என்றும் இருக்கிறது, அதனால் கை ஆறட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு நஷ்டம். அவள் போட்டுப்போன நகையும் அப்படித்தான். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடி உதையோடு பணத்தை மறிப்பதும் நகையைப் பிடுங்குவதும் வன்முறைதான், சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். கல்யாண ஆல்பத்தை எடுத்துவைத்து, கழுத்தில் கையில் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், நகைக்கடை பில் அம்மாவிடம் இருந்தால் அதையும் சேர்த்து. எது எந்த பேங்கில் யார் பெயரில் அடகில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் அதுவும்.

வேலைக்கு வருகிறேன். தனியாக வீட்டில் உட்கார்ந்து தைப்பதைவிட நாலு பேரோடு சேர்ந்து செய்கிற மாதச் சம்பள வேலை முதல் வருஷத்துக்கு நல்லது என்பது என் கட்சி. அதற்குக் காரணம் வருமானம் மட்டும் இல்லை, அவள் ஒருநாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கும். ஆனால் உங்கள் பக்கம் வேலை என்றால் மில், கார்மென்ட்ஸ். 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த 20 வயதுத் தலித் பெண்ணை அவள் சூப்பர்வைசரே கொன்றது உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் பிறகு பெண்கள் நடத்தும் ஒரு தொழிற்சங்கம் போராடி 2022 ஏப்ரலில் ஆலையில் பெண்களுக்கு நடக்கும் வன்முறையைத் தடுக்க திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது, எச் அண்ட் எம் போன்ற பெரிய துணிக் கம்பெனியையும் கையெழுத்துப் போட வைத்தார்கள். வீட்டில் அடிக்குத் தப்பி வந்தவளை எங்கே சேர்க்கிறோம் என்று பார்க்க வேண்டும். சம்பளம் அவள் கணக்குக்கு வருமா, பி.எஃப். உண்டா, பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்வதற்கான உள்புகார் குழுவில் யார் இருக்கிறார்கள், சங்கம் உண்டா? இதையெல்லாம் அந்த ஆலையில் ஏற்கெனவே வேலை பார்க்கும் பெண்களிடம் கேளுங்கள், எச்.ஆரிடம் கேட்டால் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார்.

டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகும் தூரத்தில் வேலை கிடைத்தால் மேல். பையன் அங்கன்வாடிக்குப் போகலாம், சாப்பாடும் ஆகிவிடும். ஆனால் அங்கன்வாடி விடும் நேரத்துக்கும் ஷிப்ட் முடிந்து அவள் வீடு வரும் நேரத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிறதே, பெரும்பாலான பெண்கள் வேலையை விடுவது அந்த இடைவெளியில்தான். அவள் அம்மாவும் கூலிக்குப் போகிறவர் என்றால் பக்கத்து வீட்டில் யாருக்காவது மாதம் ஒரு தொகை கொடுத்துப் பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். உங்கள் பணத்தில் மாதம் 4,000 என்று வைத்தால் ஐந்து மாதம் வரும். கை ஆற, வேலை தேட, முதல் சம்பளம் வரும்வரை பால், மருந்து, பையனைப் பார்ப்பவருக்குக் கூலி. எதற்குச் செலவழித்தாய் என்று கேட்காமல் கொடுங்கள். ஐந்து மாதம் கழித்து மெஷின்தான் வேண்டும் என்று அவளே சொன்னால் அப்போது மறுபடி பணம் சேர்க்கலாம்.

திரும்பிப் போய்விடுவாளோ என்ற கேள்விக்கு: போகலாம். பலர் ஒரே தடவையில் வெளியே வந்துவிடுவதில்லை. 2019-21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள், அதில் எத்தனை பேர் அதே வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம். அவள் போனாலும் புது கணக்கும் சிம்மும் அவளிடம் இருக்கும், அடுத்த முறை வெளியே வரும்போது வெறுங்கையோடு வர வேண்டியதில்லை. போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு உதவி செய்தால், அடுத்த முறை அடிபடும்போது உங்களிடம் சொல்ல வெட்கப்படுவாள்.

போட்டோ கண்டிப்பாக வேண்டாம். குழுவில் போடும் படம் அவன் கைக்குப் போக ஒரு ஃபார்வேர்டு போதும், பணம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் மறுநாள் வாசலில் நிற்பான். கணக்குக் கேட்கிற நண்பர்களுக்கு பெயரை மறைத்து அனுப்பிய ரசீதைக் காட்டுங்கள். அவளிடம் பேசப்போகும்போதும் ஏழெட்டு ஆண்களாகச் சேர்ந்து போய் நிற்காமல் உங்கள் வகுப்பில் படித்த பெண் யாரையாவது அனுப்புங்கள், அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.