கல்லூரிகளில் பெண்கள் ஆண்களை முந்தியது எப்போது?
நாட்டுக்கு நாடு கதை வேறு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று 1897-இல் வாக்கெடுப்பு நடந்தபோது, சைக்கிளில் உட்கார்ந்த பெண் பொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டு மாணவர்கள் கேலி செய்தார்கள். தீர்மானம் தோற்றது. அங்கே பெண்கள் படிக்கலாம், தேர்வு எழுதலாம், முழுப் பட்டம் மட்டும் 1948 வரை கிடையாது!

அமெரிக்காவில் 1970-களின் கடைசியிலேயே மாணவிகள் எண்ணிக்கையில் முந்திவிட்டார்கள். கருத்தடை மாத்திரை, தள்ளிப்போன திருமணம், பாகுபாட்டைத் தடுத்த 1972 சட்டம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது என்பேன். இன்று உலக அளவிலும் பெண்கள்தான் சற்று அதிகம். பொறியியல், கணினி வகுப்புகளில் மட்டும் பல நாடுகளில் இன்னும் ஆண்கள் கூட்டம்தான்.

அப்புறம், பின்னோக்கிப் போன நாடும் உண்டு. ஆப்கானிஸ்தானில் 2022 டிசம்பரில் ஒரே உத்தரவில் பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்கு மூடப்பட்டது.