கால்பந்து வீரர்களின் கையைப் பிடித்து மைதானத்துக்குள் வரும் குழந்தைகளின் குடும்பத்திடம் கிளப்புகள் காசு வாங்குவது சரியா?

காசு கட்டி மகனை அனுப்பியவன் நான். அதனால் இந்தப் பதிலை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: இங்கிலாந்தில் மேட்ச் தொடங்கும் முன் இரண்டு அணிகளும் டனல் (டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து மைதானத்துக்கு வரும் வழி) வழியாக வெளியே வரும்போது, வீரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் வருவார்களே, அவர்களை மாஸ்காட் என்பார்கள். (விலங்கு வேஷம் போட்டுக் கையாட்டும் ஆளுக்கும் அதே பெயர்தான். 2020இல் லண்டன் கிளப் ஆர்சனல் தன் டைனோசர் வேஷக்காரரை வேலையை விட்டு அனுப்பியபோது, அவர் சம்பளத்தை நான் தருகிறேன் என்று அந்த அணியின் வீரர் மெசுட் ஓசில் கிளம்பியது தனிக் கதை.) இந்தப் பிள்ளைகளின் இடத்தைப் பல கிளப்புகள் விற்கின்றன. 2018-19 சீசனில் வெஸ்ட் ஹாம் இதற்கு 700 பவுண்டு வரை வாங்குகிறது என்று இங்கே பத்திரிகைகளில் வந்து பெரிய பேச்சானது. அதே சீசனில் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், செல்சி எல்லாம் இதற்குக் காசு வாங்கவில்லை.

நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். ஊர் கிளப் லீக் டூவில் ஆடுகிறது, மேலிருந்து நாலாவது படி. பெயர் வேண்டாம். மகனுக்கு எட்டாவது பிறந்தநாள் வந்தது. கிளப்பின் இணையதளத்தில் பார்த்தால் மாஸ்காட் பேக்கேஜ் 195 பவுண்டு. திருச்சியிலிருந்து வந்திருந்த மாமனார் மனசுக்குள் நூறால் பெருக்கிவிட்டு, "இருபதாயிரம் ரூபாயா மாப்பிள்ளை? கோயிலுக்குப் போனாலும் ஸ்பெஷல் தரிசனம், பந்து பார்க்கப் போனாலும் ஸ்பெஷல் தரிசனமா?" என்றார். சொன்ன கையோடு பாதிப் பணத்தை அவரே எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மணி மேட்சுக்குப் பன்னிரண்டரைக்கே வரச்சொன்னார்கள். நவம்பர், தூறல். ஒரு பிளாஸ்டிக் பையில் ஜெர்சி, டிரவுசர், சாக்ஸ் தந்தார்கள். சாக்ஸ் தொடைவரை வந்தது, மூன்று மடிப்பு மடித்துவிட்டேன். டிரெஸ்ஸிங் ரூமைச் சுற்றிக் காட்டினார்கள். உள்ளே ஒரே தைல வாசம், ஊரில் எலும்பு முறிவு வைத்தியர் வீட்டுக்குள் நுழைந்ததுபோல. அப்புறம் பிள்ளைகளை மட்டும் தனியே கூட்டிப்போய்விட்டார்கள். நாங்கள் கேலரியில் போய் உட்கார்ந்தோம்.

மகன் பிறகு சொன்னதுதான் மீதி. டனலில் அவனுக்கு வாய்த்தவர் மூன்றாம் நம்பர், இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர். மணிக்கட்டில் வெள்ளை டேப் சுற்றி, அதில் பேனாவால் இரண்டு பெயர்கள் எழுதியிருந்தாராம். "உன் பெயர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். இவன் பள்ளியில் அட்டெண்டன்ஸ் சொல்வதுபோல இனிஷியலோடு முழுப்பெயரையும் ஒப்பித்திருக்கிறான். அவர் அதைத் திருப்பிச் சொல்ல முயன்று தோற்று, "சரி, வா போகலாம்" என்று கையை நீட்டினாராம். வெளியே வந்து வரிசையில் நின்று, கைகுலுக்கி, போட்டோ எடுத்து, எங்களை நோக்கி ஓடிவந்ததுவரை எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம் இருக்கலாம். அன்று ராத்திரி ஜெர்சியைக் கழற்ற மாட்டேன் என்று அதோடே தூங்கினான்.

அந்த மூன்று நிமிஷத்துக்கு 195 பவுண்டா என்றால், அப்படிச் சொல்வது கிளப்புக்கு அநியாயம். கடையில் வாங்கினால் அந்தச் சிறுவர் கிட் 60 பவுண்டு வரும். இரண்டு டிக்கெட் 40. போட்டோ, சாப்பாடு, கூடவே நாள் முழுக்க நின்ற இரண்டு ஊழியர்களின் சம்பளம் எல்லாவற்றையும் கழித்தால் கிளப் கையில் நிற்பது சொற்பம்தான். ஆனால் மழை பெய்தால் கூட்டம் பாதியாகிவிடும் கிளப்புக்கு அந்தச் சொற்பமும் காசுதான். அந்த வரையில் எனக்குக் குறையில்லை.

இங்கிலாந்தின் முதல் படியான பிரீமியர் லீக்கின் கணக்கு வேறு. நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு மேட்சுக்கு 11 பிள்ளைகள், தலைக்கு 400 பவுண்டு, சொந்த மைதானத்தில் வருஷத்துக்கு 19 மேட்ச் என்று வைத்தால் 83,600 பவுண்டு. இருபது கிளப்பும் இப்படியே வசூலித்தாலும் மொத்தம் 17 லட்சத்தைத் தொடாது. 2025-26இல் தொடங்கும் நான்கு சீசன்களுக்கு, பிரிட்டன் தொலைக்காட்சி உரிமை மட்டும் 670 கோடி பவுண்டுக்குப் போயிருக்கிறது. வருஷத்துக்கு 167 கோடிக்கு மேல். மாஸ்காட் வசூல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெளிநாட்டு டிவி, டிக்கெட், ஸ்பான்சர் எதையும் நான் சேர்க்கவே இல்லை. செலவுக்காக வாங்குகிறோம் என்று இவர்கள் சொன்னால் சிரிப்புதான் வரும்.

இன்னொன்று உறுத்துகிறது. இந்தக் காட்சிக்கு மதிப்பு வந்தது விற்றதால் அல்ல. 2002 உலகக் கோப்பையை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா யுனிசெஃப்புடன் சேர்ந்து குழந்தைகளுக்காக என்று நடத்தியது, வீரர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து வந்ததை உலகமே டிவியில் பார்த்தது. 1996இல் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த லிவர்பூல்-எவர்ட்டன் மேட்சில் மாஸ்காட்டாக வந்த 11 வயசுப் பையன், வார்ம்-அப்பில் எவர்ட்டன் கீப்பர் நெவில் சவுத்தாலின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டு அவரிடம் திட்டு வாங்கினான். பெயர் வெய்ன் ரூனி, பின்னாளில் இங்கிலாந்து அணியின் நட்சத்திரம். சண்டர்லண்ட் கிளப்பின் குட்டி ரசிகன் பிராட்லி லோரியை மறக்கவே முடியாது. நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய். 2017 மார்ச்சில் லண்டன் வெம்பிளி மைதானத்தில் லித்துவேனியாவுக்கு எதிரான மேட்சில், அப்போது சண்டர்லண்டுக்கு ஆடிய ஜெர்மெய்ன் டிஃபோவின் கையைப் பிடித்து இங்கிலாந்து அணியோடு நடந்தான். அந்த ஜூலையில் போய்விட்டான், ஆறு வயசு. இப்படிச் சேர்ந்த மதிப்புக்குத்தான் இன்று விலை ஒட்டுகிறார்கள், எதிரணி பெரிய அணி என்றால் கூடுதல் விலை.

ஸ்பான்சர் வழியும் உண்டு. 2018 உலகக் கோப்பையில் பிரேசில்-கோஸ்டா ரிகா மேட்சுக்குப் பந்தை ஏந்திப் போனது தமிழ்நாட்டைச் சேர்ந்த 11 வயசுப் பெண். தேர்ந்தெடுத்தது கியா கார் நிறுவனம். விளம்பரம்தான், ஆனால் அப்பா அம்மா பணக்காரரா என்று யாரும் பார்க்கவில்லை.

என் மனசு மாறிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மேட்சுக்குப் பின் வந்த திங்கட்கிழமை மகன் போட்டோவைப் பள்ளிக்கு எடுத்துப்போனான். அவனோடு சனிக்கிழமை காலையில் பந்து பழகும் பையன் ஒருவன், இவனைவிட நன்றாக ஆடுவான். அவன் கேட்டது ஒரே கேள்வி: "உன்னை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?" மகன், "என் பிறந்தநாள்" என்று சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். மறுநாள் பள்ளி வாசலில் அந்தப் பையனின் அம்மா என்னிடம் வந்தார். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், எங்கள் வார்டில் துப்புரவு வேலை பார்ப்பவர். "இவனுக்கு மார்ச்சில் பிறந்தநாள், எங்கே பெயர் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். விலையைச் சொன்னேன். "ஓ" என்றார். குனிந்து, ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டியிருந்த தன் மகனின் ஷூ லேசை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அன்றைக்கு மாமனார் பேச்சு ஞாபகம் வந்தது. கோயிலில் ஸ்பெஷல் தரிசனத்தைத் திட்டினாலும், பக்கத்தில் தர்ம தரிசன வரிசை என்று ஒன்று இருக்கிறது. நாலு மணி நேரம் நின்றாவது காசில்லாதவரும் உள்ளே போகலாம். எங்கள் கிளப்பில் அந்த வரிசையே கிடையாது.

ஆகவே என் பதில்: பிரீமியர் லீக் கிளப்புகள் ஒரு பைசா வாங்கக் கூடாது, குலுக்கல் போடட்டும். ஜூனியர் உறுப்பினர்களுக்கு மட்டும் குலுக்கல் என்றால், உறுப்பினர் சந்தாவும் ஒரு கட்டணம்தான், ஆனாலும் 700 பவுண்டு கட்டுவதைவிட அது எவ்வளவோ பரவாயில்லை. நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். 2016 பிப்ரவரியில் லிவர்பூல் 77 பவுண்டு டிக்கெட் அறிவித்தபோது, 77ஆவது நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியே போனார்கள். கிளப் பின்வாங்கியது. அடுத்த சீசனிலிருந்து எதிரணி ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பை இருபது கிளப்பும் சேர்ந்துதான் கொண்டுவந்தன. சின்னக் கிளப்புகள் பாதி இடத்தை விற்கட்டும், மீதியை ஊர்ப் பள்ளிகளுக்குக் குலுக்கலில் தரட்டும். டனலுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஜெர்சி, யார் காசு கட்டினார்கள் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

இதையே கிளப்புக்கு மின்னஞ்சலாகவும் எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி என்று இரண்டு வரி. இணைப்பில் அடுத்த சீசனுக்கான மாஸ்காட் பேக்கேஜ் விவரம், 210 பவுண்டு.