சூடோமோனாஸை வேரில் ஊற்றினால் இலையில் வரும் நோய் எப்படிக் குறையும்?

சூடோமோனாஸ் என்பது செடிக்கு நன்மை செய்யும் பாக்டீரியா, கடையில் தூளாகக் கிடைக்கும். எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. மாடித் தக்காளியில் இலையெல்லாம் புள்ளி விழுந்து கருகிய பிறகு ஒரு பாக்கெட் வாங்கி வந்து வேரில் கரைத்து ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. தூள் மேல் தப்பில்லை, நான்தான் நோய் முற்றிய பிறகு ஊற்றியிருக்கிறேன்.

1991-ல் நெதர்லாந்தில் கார்னேஷன் பூச்செடியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சூடோமோனாஸை வேரில் விட்டார்கள், வாடல் நோய் தரும் ஃபியூசேரியம் பூஞ்சையைத் தண்டில் ஏற்றினார்கள். இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கவே இல்லை, ஆனாலும் நோய் குறைந்தது. அப்படியென்றால் பூஞ்சையோடு சண்டை போட்டது செடியேதான், பாக்டீரியா அதை உசுப்பிவிட்டது, அவ்வளவுதான்.

உசுப்பிவிட்டது என்றால் செடி அப்போதே எதிர்ப்புப் பொருட்களைத் தயாரித்துக் குவிக்க ஆரம்பித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அப்படி எந்நேரமும் போர்க்கோலத்தில் நின்றால் வளர்வதற்குச் சத்து ஏது? பார்க்க அது சாதாரணமாகத்தான் இருக்கும், கிருமி வந்து தொட்டதும் மற்ற செடிகளைவிட வேகமாகவும் பலமாகவும் எதிர்க்கும். நோயில் அடிபட்டுத் தப்பிய செடிகள் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலத்தை வைத்து மற்ற இலைகளை உஷார்ப்படுத்தும் (ஆஸ்பிரினுக்கு உறவுக்காரர்தான்). சூடோமோனாஸ் பெரும்பாலும் போவது செடிக்குள் சேதி சொல்லும் வேறு இரண்டு பொருட்களான ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் வழியாக.

சரி, இதுவும் பாக்டீரியாதானே, வேர் ஏன் இதை விரட்டவில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பாக்டீரியா நீந்த வைத்திருக்கும் வாலின் புரதத்தை வைத்தே செடி அதை அடையாளம் கண்டு எதிர்ப்பைத் தொடங்கிவிடும். சில சூடோமோனாஸ் வகைகள் குளுக்கோனிக் அமிலத்தைச் சுரந்து வேரைச் சுற்றிப் புளிப்பாக்கி அந்த எச்சரிக்கையை அமுக்கிவிட்டு நைசாகக் குடியேறுகின்றன.

வறட்சியிலும் உப்புத் தண்ணீரிலும் வேர் பாக்டீரியாக்கள் உதவுவது வேறு கதை. அந்த நெருக்கடியில் செடிக்குள் எத்திலீன் ஏறும், அதாவது காயைப் பழுக்க வைக்கும் அதே வாயு, அது அதிகமானால் வேர் வளர்ச்சி நின்றுவிடும். எத்திலீனுக்கு மூலப்பொருள் ஏசிசி (ACC), செடியே தயாரிக்கும் ஒரு அமினோ அமிலம். வேரிலிருந்து கசியும் அந்த ஏசிசியை உடைத்துத் தழைச்சத்தாகத் தின்கிற பாக்டீரியாக்கள் உண்டு. தங்கள் பசிக்குத்தான் தின்கின்றன, வேர் பிழைத்துக்கொள்கிறது.

அதனால் முன்கூட்டியே கொடுங்கள். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து விதை நேர்த்தி செய்யலாம், அல்லது தூளைக் கரைத்த தண்ணீரில் நாற்றின் வேரை நனைத்து நடலாம். காலாவதி தேதியைக் கட்டாயம் பாருங்கள், உள்ளே இருப்பது உயிருள்ள சரக்கு. தாமிர மருந்தோடு கலக்காதீர்கள்.

இந்தத் தடவை நான் வேரை நனைத்துத்தான் நட்டேன். கீழ் இலைகளில் புள்ளி வந்தது, மேலே ஏறவில்லை. பத்துத் தொட்டியை வைத்துக்கொண்டு இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த போகத்துக்கும் பாக்கெட் வாங்கிவிட்டேன்.