டிவிக்கு ஏன் சைபர் போட்டீர்கள்?

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது. ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை. வீடு நோர்வூட் பக்கம், தோட்ட லயத்தில். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா கொழும்பில் வேலை, தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள். கேம் விளையாடுவதற்கென்று இரண்டரை இலட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் பெட்டி எடுப்பதா, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் பெட்டி எடுப்பதா, மிச்சத்துக்குத் தவணை போட்டு கேமிங் லெப்டொப் எடுப்பதா? காசுக்குப் பெறுமதி எது? தங்கச்சி ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) பாடம் செய்வதால் லெப்டொப் எடு என்கிறார் அம்மா. ஆனால் அதே காசுக்கு பிஎஸ்5இல் வரும் தரம் லெப்டொப்பில் வராது. கடை மூடி வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிய இரவு பத்தாகும், அதற்குப் பிறகுதான் எனக்கு நேரம். டிவி இருக்கும் முன் காம்பராவில்தான் (முன் அறையில்தான்) அம்மாவும் தங்கச்சியும் படுப்பார்கள், வெளிச்சமும் சத்தமும் கொஞ்ச நாளில் பழகிவிடும். பழைய பிஎஸ்4 ஒன்றும் மலிவாக வருகிறது, அது பரவாயில்லையா?
– பெயர் வேண்டாம், நோர்வூட்

பதில்: தம்பி, பிஎஸ்5ஆ லெப்டொப்பா என்ற கடிதம் இந்தப் பக்கத்துக்கு ஓயாமல் வருகிறது. எல்லாவற்றிலும் ஒரே பட்டியல்தான்: எத்தனை ஃபிரேம், எத்தனை ஜிபி, எந்தக் கடையில் எவ்வளவு. உங்கள் பட்டியல் இரண்டு பக்கம் இருந்தது. இடம் போதாமல் அதை வெட்டினேன். ஆனால் “கொஞ்ச நாளில் பழகிவிடும்” என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த வரியை மட்டும் வெட்ட மனம் வரவில்லை.

முன் காம்பராவில் அம்மாவும் தங்கச்சியும். அப்படியென்றால் நீங்கள் பின் காம்பராவில் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், தடுப்பு அடித்த இடத்தில். எதுவானாலும் உங்களுக்கென்று ஒரு மூலை இருக்கிறது. விளையாட்டு முடிந்து பன்னிரண்டரைக்கு நீங்கள் அங்கே போய் இருட்டில், அமைதியாகப் படுப்பீர்கள். அதுவரை துப்பாக்கிச் சத்தத்தையும் நீல வெளிச்சத்தையும் முகத்தில் வாங்கிக்கொண்டு கிடப்பவர் நாலரைக்கு எழும்ப வேண்டியவர். அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, கடைக்குப் போகும் மகனுக்கும் பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் சோறு கட்டிவிட்டுப் பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டியவர். நீங்கள் எட்டு மணிக்குப் பஸ்ஸில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போடலாம். அவர் அந்நேரம் ஈரச் சரிவில் கூடையோடு நிற்பார்.

நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா, 2024இல் 1350 ரூபா என்று ஏறுவதற்கு எத்தனை வருடம் கத்த வேண்டியிருந்தது என்பது லயத்தில் பிறந்த உங்களுக்குத் தெரியும். அதுவும் முழுப் பேர் விழுந்தால்தான், அதாவது முழு நாள் சம்பளம் பதிந்தால்தான். தோட்டம் கேட்கிற கிலோ வராவிட்டால் அரைப் பேர். தூக்கம் கெட்டவளின் கை மத்தியானத்துக்கு மேல் தளர்ந்துவிடும், கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு அதற்காக இரக்கப்படாது. கால் வழுக்கினால் என்ன, குளவி கிளம்பும்போது ஓடத் தெம்பில்லாவிட்டால் என்ன என்பதையெல்லாம் நான் எழுதத் தேவையில்லை. பழகிவிடும் என்கிறீர்கள். ஆமாம், பழகிக்கொள்வார். அட்டைக்கடிக்கும் ஒழுகுகிற தகரத்துக்கும் கணவன் கொழும்பில் இருப்பதற்கும் பழகிக்கொண்டவர்தானே. அவர் வாய் திறக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள்.

விளையாடாதே என்று நான் சொல்ல வரவில்லை. கசிப்பு, கடன், கண்ட கண்ட சகவாசம் இல்லாமல் உழைத்துச் சேர்த்த காசில் ஒரு 23 வயதுப் பிள்ளை கேம் விளையாட ஆசைப்பட்டால் அதில் என்ன குற்றம்? “அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கு” என்கிற பெரியவர்களோடு எனக்கும் சண்டைதான். ஆனால் பெறுமதி என்று கணக்குப் போட உட்கார்ந்தால் முழுக் கணக்கையும் போட வேண்டும். பிஎஸ்5க்கும் எக்ஸ்பொக்ஸுக்கும் சொந்தமாகத் திரை கிடையாது. பட்டியலில் டிவிக்கு நேரே நீங்கள் சைபர் போட்டிருக்கிறீர்கள், வீட்டில் ஏற்கனவே இருக்கிறதாம். இருக்கிறதுதான், ஆனால் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. இரவு பத்துக்குப் பிறகு அந்தத் திரை உங்களுடையதல்ல. அந்த இடத்தில் ஒரு மொனிட்டரின் விலையை எழுதிவிட்டுத் திரும்பக் கூட்டிப் பாருங்கள், லெப்டொப்போடு உள்ள வித்தியாசம் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும்.

மற்றக் கணக்குகளும் அரைகுறையாகத்தான் இருக்கின்றன. ஒரே காசுக்குப் படத்தின் தரம் பிஎஸ்5இல் கூட என்பது உண்மை. அந்தப் பெட்டியைக் கம்பனிகள் பெரிய இலாபம் வைக்காமல் விற்பதும், பிறகு கேமிலும் சந்தாவிலும் அதை எடுத்துக்கொள்வதும் ஊரறிந்த வியாபாரம். காசு கொடுத்து வாங்கும் பெரும்பாலான கேம்களை நண்பர்களோடு ஒன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்குத்தான் அது வேண்டாம். கணினியில் அந்தச் சந்தா இல்லை, எபிக் என்ற ஒன்லைன் கேம் கடையில் வாரம் ஒரு கேம் சும்மாவே கொடுக்கிறார்கள். கேம் வாங்கக் கணக்குத் திறக்கும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் நாடுகள் பட்டியலில் இலங்கை கிடையாது. நம் ஆட்கள் வேறொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, அந்த நாட்டுப் பரிசு அட்டையை இடைத்தரகர் கமிஷனோடு வாங்குகிறார்கள். போன் கடையில் நிற்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனாலும் பட்டியலில் காணோம்.

சீரிஸ் எஸ் விலை குறைவு, மின்சாரமும் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் அதில் டிஸ்க் போட இடமில்லை. எல்லா கேமும் டவுன்லோட் செய்துதான். பெரிய கேம் ஒன்று 100 ஜிபியைத் தாண்டும், மலைக்குப் பின்னால் இருக்கும் லயத்தில் ரவுட்டரை ஜன்னலில் கட்டி வைத்து எத்தனை இரவு இறக்குவீர்கள்? டேட்டாவுக்கு யார் கட்டுவது? பிஎஸ்5 எடுத்தாலும் டிஜிட்டல் பதிப்பு வேண்டாம், டிஸ்க் உள்ளதையே எடுங்கள். டிஸ்க் என்றால் இரவல் வாங்கலாம், முடித்ததை விற்று அடுத்ததை எடுக்கலாம்.

பிறகு கரண்ட். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் உங்கள் பக்கம் ஒரு சவுக்கு மரம் கம்பியில் விழுந்தால் போதும். கரண்ட் போன நொடியே பிஎஸ்5 செத்துவிடும், கடைசியாக சேவ் செய்த இடத்திலிருந்து திரும்பவும் ஆட வேண்டும். லெப்டொப் பட்டரியில் நிற்கும். பட்டரியில் கேமின் வேகம் விழுந்துவிடும்தான், ஆனால் தங்கச்சியின் பாடவேலை அழியாது. பிஎஸ்5 விளையாடும்போது ஏறக்குறைய 200 வோட் இழுக்கும், தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தலோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. பயப்பட வேண்டியது எல்லாவற்றையும் ஒரே மல்டி பிளக்கில் தொங்கவிடுவதற்குத்தான். மின்னொழுக்கினால் ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியாக முழு லயத்தையும் தின்ற செய்திகளை நாம் படிக்காத வருடமில்லை. ஐப்பசி இடிமழைக்கு எதை வாங்கினாலும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இனி என் தீர்ப்பு. லெப்டொப் எடுங்கள். அம்மா சொன்ன காரணமும் சரியானதுதான். உயர்தர ஐசிடியில் பைத்தன் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுத வேண்டும், போன் திரையில் அதைத் தட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையின் பாடு எனக்குத் தெரியும். பிஎஸ்5இல் ஒரு வரி புரோகிராமும் எழுத முடியாது, ஒரு விண்ணப்பப் படிவமும் அடிக்க முடியாது. நீங்கள் கடையில் நிற்கும் நேரமெல்லாம் அந்தக் கருவி சும்மா கிடக்கும். லெப்டொப் என்றால் மாலை நாலிலிருந்து பத்து வரை தங்கச்சிக்கு, பத்துக்குப் பிறகு உங்களுக்கு. அவளுக்குப் பரீட்சை நெருங்கும்போது பத்துக்குப் பிறகும் அவளுக்கு. இதில் பேரம் பேச வராதீர்கள். அண்ணனாகப் பிறந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், எனக்கு வேறு நியாயம் தெரியாது.

கேம் படத்தை ஓட்டும் தனி கிரஃபிக்ஸ் சிப் உள்ளதாகப் பாருங்கள். அந்தச் சிப் ஆர்டிஎக்ஸ் 3050 ஆக இருந்தாலே பல கேம்கள் நடுத்தர செட்டிங்கில் ஓடும். 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. கையிலிருக்கும் காசுக்குப் புதியது வராவிட்டால் பாவித்தது எடுங்கள், தவணை வேண்டாம். போன் கடைச் சம்பளத்தில் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டு விளையாடுகிற விளையாட்டு இனிக்காது. பாவித்தது எடுக்கும்போது இன்டெல் புரொசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, அதைவிடப் பழைய மெஷினில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அந்த மாதிரிப் பழசைத்தான் இப்போது மலிவு என்று தள்ளிவிடப் பார்க்கிறார்கள். இன்னொன்று, கேமிங் லெப்டொப்பின் விசிறி பிஎஸ்5ஐவிடச் சத்தம் போடும். ஆகவே அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் மூலைக்குப் போய், நடுக் கதவைச் சாத்தி, ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு விளையாடுங்கள். குளிர்கிறது என்றால் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் பிஎஸ்5தான் என்று நின்றால் அதற்கும் வழி இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு பாவித்த மொனிட்டரை வாங்கி உங்கள் காம்பராவில் வையுங்கள், அங்கே பிளக் இல்லாவிட்டால் முறையாக வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு ஒன்று போடுங்கள். மொனிட்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டாலும் குறையில்லை, கையில் பிடிக்கிற கொன்ட்ரோலரிலேயே ஹெட்ஃபோன் குத்துகிற துளை இருக்கிறது. மொனிட்டருக்கும் காசில்லை என்றால் ரிமோட் பிளே: பிஎஸ்5 முன் காம்பராவில் கிடக்கட்டும், டிவியை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் அந்த விளையாட்டை உங்கள் போனிலோ தங்கச்சியின் லெப்டொப்பிலோ கொண்டுவந்து ஆடலாம். ஆனால் தங்கச்சிக்கு லெப்டொப் இல்லையே, அதை யார் வாங்கிக் கொடுப்பது? சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

பிஎஸ்4 வேண்டாம். 2013 நவம்பரில் வந்தது அது. புதிய பெரிய கேம்கள் பலவும் இப்போது அதற்கு வருவதில்லை, உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க், லோட் ஆகும்வரை தேத்தண்ணியே குடித்து முடித்துவிடலாம். யாராவது இரவல் கொடுத்தால் ஒரு வாரம் ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.