மறு: யின்சென்ஹாவ் கசாயம் - குழுக்கள் பிரியுது, ஏஎல்டி இறங்கல

ஈரலைக் கெடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்த எலிகளுக்கு யின்சென்ஹாவ் கசாயம் (ஆர்ட்டிமீசியா, கார்டீனியா, ருபார்ப் சேர்ந்த சீன மூலிகைக் கசாயம்) தந்ததும் பிஎல்எஸ்-டிஏ (குழுக்களைப் பிரிச்சுக் காட்டும் புள்ளியியல் முறை) படத்தில் குழுக்கள் பளிச்சென்று பிரியுது, ஆனா ஈரல் கெட்டா ரத்தத்தில் ஏறும் ஏஎல்டி நொதி இறங்கல, ஏன்னு கேட்டிருந்தீங்க. பிரிவுக்குக் காரணமான பீக்குகளை (ரத்தத்தில் இருக்கிற வேதிப்பொருள்கள் கருவிப் பதிவில் காட்டும் மேடுகளை) முதல்ல பாருங்க. கார்டீனியாவின் ஜெனிபோசைட், ருபார்பின் ரெய்ன், ஆர்ட்டிமீசியாவின் ஸ்கோபரோன், இவற்றின் சிதைபொருள்கள் எல்லாம் சீரத்திலேயே (ரத்த நீரிலேயே) வந்து நிற்கும். கசாயம் குடிச்ச எலிகிட்ட மட்டும் இருக்கிறதால மென்பொருள் அதைத்தான் பெரிய வித்தியாசமா எடுத்துக்கும். ஈரல் தேறிச்சா இல்லையான்னு அதுக்கென்ன தெரியும்!

நல்லா இருக்கிற எலிக்குக் கசாயம் மட்டும் கொடுத்த குழு வச்சிருக்கீங்களா? அதில் தெரியும் மருந்து பீக்குகளை நீக்கிட்டு, ஈரலின் நிலையைக் காட்டும் டாரோகோலிக் மாதிரி பித்த அமிலங்களைத் தனியா ஒப்பிடுங்க. பெர்முடேஷன் சோதனை (குழுப் பெயர்களைக் கலைச்சுப் போட்டாலும் அதே மாதிரி பிரியுதான்னு பார்க்கிறது) கட்டாயம். கொஞ்ச எலிகளை வச்சு பிஎல்எஸ்-டிஏ எதை வேணும்னாலும் பிரிச்சுக் காட்டும்.

டோஸையும் சரிபாருங்க. ஜெனிபோசைட் அளவு மீறினா அதுவே எலி ஈரலைக் கெடுக்கும்.