பன்னிரண்டாம் பெட்டும் அங்கே படுத்திருப்பவரும்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் எட்டாம் செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் செய்கிறேன். முதலாண்டில் நோயாளிகளிடம் நின்று பேசிய நான், இப்போது ‘பன்னிரண்டாம் பெட்’ என்றே சொல்லிப் பழகிவிட்டேன். எனக்கு அக்கறை குறைந்துவிட்டதா?

பதில்: உங்கள் குணத்தைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் டியூட்டிப் பட்டியலைப் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய பாடத்திட்டப்படி இன்டர்ன்ஷிப் 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணி நேரம். மருத்துவ, அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு 6 வாரங்கள் கிடைக்கின்றன; மற்றப் பிரிவுகளுக்குத் தலா 4 வாரங்கள்தான். ஒரு வார்டு பழகி முடியும்போது அடுத்த வார்டுக்கு மாறிவிடுகிறீர்கள்.

வேலையைப் பிரித்துத் தரும் முறைக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஒருவர் எல்லாருக்கும் பி.பி. பார்ப்பது, இன்னொருவர் எல்லாருக்கும் ஊசி போடுவது என்று அமைந்தால், நாற்பது கைகளைத் தொட்டும் ஒரு முகம் மனத்தில் நிற்காது. உங்கள் பயிற்சியைப் பதிவு செய்யும் லாக்புக்கும் செய்த புரொசீஜர்களைத்தான் எண்ணுகிறது. அழுத தாயின் அருகில் கால்மணி நேரம் நின்றதற்கு அதில் கட்டமே இல்லை.

எல்லாவற்றையும்விட வலுவானது, நீங்கள் யாருடைய ஷிஃப்டில் நிற்கிறீர்கள் என்பதுதான் என்பது என் கருத்து. முதியவர் ஒருவரின் கையிலிருந்து வென்ஃப்ளானை (நரம்பில் மருந்து ஏற்றப் பொருத்தும் சிறு குழாயை) எடுக்கும் சிஸ்டர், பிளாஸ்டரை நனைத்து, “ஐயா, கொஞ்சம் இழுக்கும்” என்று சொல்லி, அவர் தலையசைத்த பிறகே உரிப்பதை ஒருமுறை பார்த்த மாணவி அதை மறப்பதில்லை. வெடுக்கென்று பிய்ப்பதைப் பார்த்தவரும் மறப்பதில்லை! படித்ததற்கும் வார்டில் காண்பதற்கும் இடையில் புதிய செவிலியர் படும் அதிர்ச்சியை அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974இலேயே நூலாக எழுதினார். கைப்பழக்கம் வராத பயமும் உண்டு. ஊசிமுனையிலேயே கண் இருக்கும்வரை முகத்தைப் பார்க்க முடியாது, பழகப் பழக அது சரியாகும்.

வார்டு இன்சார்ஜிடம், நான்கைந்து நோயாளிகளின் முழுப் பராமரிப்பையும் உங்களிடமே தரும்படி கேளுங்கள். தூக்கமின்மையோ, டியூட்டிக்குப் போகும் முன்பே வரும் அழுகையோ தொடர்ந்தால் டியூட்டரிடம் மறைக்காதீர்கள். மாத்திரை தருமுன் பெயர் கேட்டுச் சரிபார்ப்பது எப்படியும் விதிதானே; அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டு, இரவு தூங்கினாரா என்று கேட்கக் கூடுதலாக அரை நிமிடம் போதும்.